பின் சீட் இல்லாத வண்டி

எதை வாங்குவதாக இருந்தாலும் ஆன்ட்டி முதலில் தன் உடம்பை அதில் வைத்துப் பார்ப்பார். மெத்தைக் கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்து, இடது பக்கம் பத்து நிமிடம், வலது பக்கம் பத்து நிமிடம் கிடப்பார். கடைக்காரர் பக்கத்திலேயே நின்றால், "நீங்க வேற ஆளப் பாருங்க, எனக்கு நேரமாகும்" என்று ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பிவிடுவார். ஒருமுறை நிஜமாகவே தூங்கிப்போனார். ஐசலினில், நம் ஊர்க் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் இருந்த ஒரு துணிக்கடையில் ரெடிமேட் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, எல்லோரும் பார்க்கும் பெரிய கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி இறக்கினார். பிறகு குனிந்து தரையைத் தொட்டார். நான் என் மனைவியோடு போயிருந்தேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் புடவை அடுக்கைப் பார்த்தேன்.

"கை தூக்க முடியலன்னா அது ரவிக்கையா தம்பி? மாவுக்கட்டுல்லா" என்றார்.

தூத்துக்குடிக்காரர். நியூ ஜெர்சிக்கு வந்து முப்பது வருடமாக ஒரே மருத்துவமனையில், அறுவைசிகிச்சை முடிந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டில் நர்ஸ். பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. குள்ளம், நல்ல கனமான உடம்பு, நடக்கும்போது கொஞ்சம் இடம் வலமாக ஆடும். நான் பார்த்த நாட்களில் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அங்கிள் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகன் டெக்சஸில்.

ஆன்ட்டியிடம் எட்டு பேர் உட்காரும் ஒரு பழைய வேன் இருந்தது. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் அந்த வேன்தான் முதல் வண்டி. ஏர்போர்ட்டுக்கு, டாக்டரிடம், லைசென்ஸ் டெஸ்டுக்கு, பிள்ளைகளை டேகேரில் விட. என் மனைவி அதில்தான் டிரைவிங் கற்றுக்கொண்டாள். ஆன்ட்டி ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் நான்கைந்து பெண்களை ஏற்றிக்கொண்டு பெருமாள் கோவிலுக்குப் போவார். அவர்கள் கும்பிட்டுவிட்டு வரும்வரை கேன்டீனில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடுவார்.

"உடம்புதான தம்பி" என்பது அவர் அடிக்கடி சொல்லும் பேச்சு. ஏப்பம் வந்தாலும், நாற்காலி கிறீச்சிட்டாலும், முட்டி பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் போனாலும் அதைத்தான் சொல்வார். தன் உடம்பைப் பற்றி அவருக்குக் கூச்சமே கிடையாது. நான் கெடுத்தது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

எனக்குக் கார் பைத்தியம் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கராஜ் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தேன். ஆன்ட்டி வந்து போனை நீட்டினார். அவருடைய மருத்துவமனை பார்க்கிங்கில் எடுத்த படம். நீல நிறத்தில், கூரை இல்லாத ஒரு வண்டி. நீண்ட மூக்கு, பருத்த பின்புறம், கதவுக்குக் கீழே பக்கவாட்டில் ஓடும் புகைக் குழாய்.

"இது என்ன வண்டி தம்பி? எங்க சர்ஜன் ஓட்டிட்டு வந்தாரு."

அறுபதுகளில் ரேஸில் ஓடின கார் அது, அசல் வண்டிகளெல்லாம் இப்போது மியூசியத்திலும் கோடீஸ்வரர்கள் வீட்டிலும் இருக்கின்றன, சர்ஜன் ஓட்டுவது பெரும்பாலும் ரெப்ளிக்காவாக இருக்கும் என்று சொன்னேன்.

"அப்படின்னா போலியா?"

"போலின்னு சொல்ல முடியாது ஆன்ட்டி. அச்சு அசலா அதே உருவம். ஃபைபர்ல பாடி பண்ணி, உள்ள புது இன்ஜின் வெச்சுக் குடுப்பாங்க."

"நல்லதாப் போச்சு. பழைய இன்ஜின வெச்சுக்கிட்டு யாரு மாரடிக்க? இதுல பின் சீட் உண்டா?"

"கிடையாது. ரெண்டே பேர்தான் உட்காரலாம்."

"அதான் வேணும். எனக்கு ஒண்ணு பாத்துக் குடு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"முப்பது வருஷமா என் வண்டியில பின் சீட்டு காலியா இருந்தது இல்ல தம்பி. நான் யாரையும் குறை சொல்லல. ரிட்டயர் ஆகப் போறேன். இனி ஒரு வண்டி, நான் மட்டும். பக்கத்துல என் ஹேண்ட்பேக் உக்காந்து வரட்டும்."

அடுத்த சில வாரங்கள் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தன. தினமும் மாலை நான் ஏதாவது ஒரு விளம்பரத்தை அனுப்புவேன். ஆன்ட்டி கேட்கும் கேள்விகள் நான் படித்த எந்தக் கார் பத்திரிகையிலும் வந்ததில்லை. கதவுக்கு வெளியே கைப்பிடியே இல்லையே, மழையில் குடையோடு எப்படித் திறப்பது? அந்தக் குழாய் பக்கவாட்டில் ஓடுகிறதே, இறங்கும்போது கெண்டைக்கால் சுடாதா? "சுடும், எல்லாருக்கும் ஒரு தடவையாவது சுட்டிருக்கும்" என்றேன். "அப்ப இறங்குறதுக்கு ஒரு முறை இருக்கும். அதைக் கத்துக்கிடணும்" என்றார். கடைசியில், மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பழைய பண்ணைக் கொட்டகை ஒன்றில் இந்த வண்டிகளைக் கையால் கட்டி விற்கும் ஒரு வெள்ளைக்காரப் பெரியவரைப் பிடித்தோம். அவரிடம் விற்பனைக்கு ஒரு பச்சை வண்டி தயாராக இருந்தது.

முதல் தடவை போனபோது ஆன்ட்டி ஒரு மளிகைப் பையில் மூன்று ஜோடி செருப்புகள் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி ஷூ, ஞாயிறு பூசைக்குப் போட்டுப் போகும் ஷூ, வீட்டுச் செருப்பு. எதில் கிளட்ச் நன்றாக மிதிபடுகிறது என்று பார்க்க வேண்டுமாம். பெரியவர் தலையசைத்தார். வாங்க வருகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை, எல்லோரும் பெயின்டைத்தான் பார்க்கிறார்கள் என்றார்.

இந்த வண்டிகளில் இடம் மிகவும் குறைவு. கால் வைக்கும் பகுதி ஒரு குறுகலான பெட்டி. மூன்று பெடல்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். சீட் பள்ளமாக, இரண்டு பக்கமும் உயர்ந்து உடம்பைக் கவ்விப் பிடிக்கும். ஆன்ட்டி உள்ளே இறங்கினார். இறங்கினார் என்பதைவிட விழுந்தார் என்று சொல்ல வேண்டும். கிளட்ச் பாதிக்கு மேல் போகவில்லை. சீட்டை முன்னால் தள்ளினால் ஸ்டீயரிங் வயிற்றில் அழுத்தியது. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. இடுப்பு சீட்டில் மாட்டிக்கொண்டது. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. எப்படியோ திரும்பி, சீட்டின் மேல் மண்டியிட்டு, பின்பக்கத்தை எங்களுக்குக் காட்டிக்கொண்டு, "தம்பி, இழு" என்றார். பெரியவர் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்து இழுத்தோம். ஆன்ட்டி வெளியே வந்தார், ஒரு ஷூ உள்ளேயே நின்றுவிட்டது. புல்தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

இரண்டாவது தடவை அளவெடுக்கப் போனோம். பெரியவர் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது என்று தயங்கினார். ஆன்ட்டி டேப்பை வாங்கித் தன் இடுப்பைத் தானே சுற்றி, எண்ணைச் சத்தமாகப் படித்தார். முட்டியிலிருந்து குதிகால், தொடை, தோள் எல்லாவற்றுக்கும் அப்படியே.

மூன்றாவது தடவை போவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. பெரியவர் பக்க மேடு இல்லாத அகலமான சீட் ஒன்றைப் பொருத்தியிருந்தார். பெடல்களுக்குக் கட்டை வைத்து நீட்டியிருந்தார். ஸ்டீயரிங் சிறியது, ஏறும்போதும் இறங்கும்போதும் கையால் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். முதலில் சீட்டின் முதுகில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு, பிறகு சறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். ஆன்ட்டி சறுக்கினார். இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். கிளட்சை மிதித்து மிதித்து எண்ணினார். துணிக் கூரையைப் போடச் சொல்லி, உள்ளேயிருந்து வெளியே வந்து, மறுபடி உள்ளே போனார். குழாயில் கால் படாமல் இறங்கிக் காட்டினார். பிறகு என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பண்ணைச் சாலையில் ஒரு சுற்று ஓட்டினார். திரும்பி வந்ததும் என்னை இறங்கச் சொன்னார். ஹேண்ட்பேக்கை என் இடத்தில் வைத்து பெல்ட் போட்டுவிட்டுத் தனியாகப் போனார்.

அந்தச் சத்தம் மேட்டுக்கு அப்பால் போய் மறைந்து, வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்தது. முடியெல்லாம் கலைந்து முகத்தில் கிடந்தது. ஆன்ட்டி ஸ்டீயரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார்.

"சரியா இருக்கு" என்றார். அவ்வளவுதான். மகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இரண்டு வாரத்தில் வந்து எடுத்துக்கொள்வதாகப் பெரியவரிடம் சொன்னார்.

நடுவில் வந்த சனிக்கிழமை எங்கள் வீட்டில் பாட்லக், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் விருந்து. பன்னிரண்டு குடும்பங்கள் வந்திருந்தன. எனக்கு இன்னொரு பெயரும் உண்டு. நான் நன்றாக மிமிக்ரி பண்ணுவேன். சாப்பிட்ட பிறகு யாராவது ஆரம்பித்து வைப்பார்கள், நான் எழுந்து நிற்பேன். அன்று ஆன்ட்டி இன்னும் வரவில்லை. நான் முதல் தடவை போன கதையை எடுத்தேன். மளிகைப் பையிலிருந்து மூன்று ஜோடி செருப்பு. இடமும் வலமுமாக ஆடும் நடை. உள்ளே விழுந்தது. இடது காலைத் தூக்கித் திரும்பி மண்டியிட்டது. தூத்துக்குடிப் பேச்சு எனக்கு அப்படியே வரும். "தம்பி, இழு" என்று நான் சொன்னபோது ஹால் முழுக்கச் சிரித்தது. இழுக்கும் சத்தத்தையும் வாயால் பண்ணினேன்.

சிரிப்பு ஒரு ஓரத்தில் நின்றது. திரும்பினேன். ஆன்ட்டி சமையலறை வழியாக வந்து கட்லெட் டிரேயோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

டிரேயை மேசையில் வைத்தார்.

"எடது காலு இல்ல தம்பி, வலது காலு" என்றார். "நீ தப்பாச் சொல்லுத. இந்தா, இப்படி." எங்கள் சோபாவில் ஏறி மண்டியிட்டு, திரும்பி, அப்படியே செய்துகாட்டினார். இந்தத் தடவை சிரிப்பு இரண்டு மடங்கு. ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். அப்பாடா, ஆன்ட்டி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நிம்மதியாக இருந்தது.

கண்ணாடியைத் துடைத்தவர் கேட்டார். "ஏன் ஆன்ட்டி, அங்கிள் இல்லாம இந்த வயசுல உங்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் கேக்குதா?"

"அட, சும்மா பாக்கப் போனோம்" என்றார் ஆன்ட்டி, சோபாவிலிருந்து இறங்கிக்கொண்டே.

அந்தச் 'சும்மா' எனக்குக் கேட்டது. மூன்றாவது தடவை என்ன நடந்தது என்று அந்த ஹாலில் ஆன்ட்டியைத் தவிர அறிந்தவன் நான் ஒருவன்தான். சொல்லியிருக்கலாம். சீட் மாற்றியதை, தனியாக ஓட்டிப் போனதை, முடி கலைந்து வந்து நின்றதை. சொன்னால் நான் அவ்வளவு நேரம் கட்டி எழுப்பிய கதை அங்கேயே படுத்துவிடும். அதனால் சொல்லவில்லை. அடுத்ததாக எங்கள் பழைய மேனேஜரைப் பண்ணிக் காட்ட ஆரம்பித்தேன்.

வண்டி எடுக்கப் போக வேண்டிய வாரம் ஆன்ட்டிக்கு போன் பண்ணினேன்.

"வேண்டாம் தம்பி. யோசிச்சுப் பாத்தேன். அது மழைக்கு ஆகாது."

"கூரை இருக்கே ஆன்ட்டி. நீங்களே போட்டுப் பாத்தீங்களே."

"வேண்டாம்."

சில நாள் கழித்துக் கொட்டகைப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். அந்த அம்மாவுக்கு சீட்டில் ஏதாவது குறையா, இருந்தால் இன்னும் சரிபண்ணித் தரலாம் என்றார். அப்படியெல்லாம் இல்லை, மனசு மாறிவிட்டார் என்றேன். தன் வண்டியில் இவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தவர்கள் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

இதுவரை சொல்லாமல் வந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். முன்னாலேயே சொல்லியிருந்தால் இத்தனை தூரம் என்னால் எழுதியிருக்க முடியாது.

இந்தக் கார் விஷயத்துக்கு முந்தைய வருடம் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்தது. மனைவி அவள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சென்னை போயிருந்தாள். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் காலை சிறுநீர் போகவில்லை, வயிறு கல்லாக இருந்தது, நிற்க முடியவில்லை. ஆன்ட்டியைக் கூப்பிட்டேன். ஓடி வந்து பார்த்துவிட்டு, என்னை வேனின் பின் சீட்டில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வழியில், வலியும் ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த பேதி மாத்திரையும் சேர்ந்து, நான் மலம் கழித்துவிட்டேன். முப்பத்து நான்கு வயது ஆண். சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். ஆன்ட்டி எமர்ஜென்சிக் கழிவறையில் என்னைச் சுவரைப் பிடித்து நிற்கவைத்துத் துடைத்துவிட்டார். தன் வேனில் கிடந்த ஒரு துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டார். "உடம்புதான தம்பி" என்றார். சாயங்காலம் அந்த சீட்டைத் தானே கழுவியிருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமையே கோவிலுக்குப் போகிற பெண்கள் அதில் உட்கார்ந்து போனார்கள். ஒருவருக்கும் தெரியாது. ஊரிலிருந்து திரும்பி வந்த என் மனைவிக்குக்கூடத் தெரியாது. தன் உடம்பைப் பற்றி எதை வேண்டுமானாலும் ஊர் கேட்கப் பேசுகிற ஆன்ட்டி, அடுத்தவர் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

அந்தப் பாட்லக்குக்குப் பிறகும் ஆன்ட்டி எப்போதும்போல்தான் இருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்தார், கட்லெட் கொடுத்தார், வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் என் மனைவி ஆன்ட்டியோடு துணிக்கடைக்குப் போய்விட்டு வந்து யதார்த்தமாகச் சொன்னாள். "ஆன்ட்டி இன்னைக்கு ட்ரயல் ரூம் எங்கன்னு கேட்டாங்க. உள்ள போய்க் கதவ சாத்திக்கிட்டாங்க. வெளிய வந்து காட்டவே இல்ல." நான் லேப்டாப்பைப் பார்த்தபடி "ஓகோ" என்றேன்.

அடுத்த வருடம் ரிட்டயர் ஆகி டெக்சஸில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். வேனைப் புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்குச் சும்மாவே கொடுத்தார். வழியனுப்பு விழாவில் என்னை மிமிக்ரி பண்ணச் சொன்னார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஆன்ட்டியிடம் பேச வேண்டும் என்று இரண்டு தடவை பக்கத்தில் போனேன். இரண்டு தடவையும் ஐஸ் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

சென்ற வருடம் ஆபீஸ் வேலையாக டாலஸ் போக வேண்டியிருந்தது. கிளம்பும் முன்பே முடிவு பண்ணியிருந்தேன். ஹோட்டலிலிருந்து மகன் வீட்டுக்கு ஓட்டிப் போகும் வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். 'ஆன்ட்டி, அன்னைக்கு நான் பண்ணினது தப்பு.' ஃப்ரீவேயில் பக்கத்து வண்டிக்காரர் நான் போனில் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார்.

ஆன்ட்டி இளைத்திருந்தார். சாயங்கால வெயில் ஹாலில் விழுந்திருந்தது. மகனும் மருமகளும் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் அங்கேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். டீ வந்தது. தனியாகப் பேச வழி கிடைக்குமா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆன்ட்டி அவர்களிடம் சொன்னார்.

"இந்தத் தம்பி நல்லாக் கதை சொல்லுவான். தம்பி, அந்தக் கார் கதையச் சொல்லு. இவங்க கேட்டதே இல்ல."

அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் குத்தல் எதுவும் இல்லை. விருந்தாளிக்குப் பிடித்ததைக் கொடுக்கிற முகம்தான். மகன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

இந்தத் தடவை மூன்றாவது பயணம்வரை சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். செருப்புப் பையில் தொடங்கினேன். மருமகள் சிரித்தாள். சிரிப்பு வந்ததும் என் கை கால்கள் தாமாக வேலை செய்ய ஆரம்பித்தன. வலது காலை முதலில் தூக்கினேன். அவர்கள் சோபாவில் மண்டியிட்டுக் காட்டினேன். "தம்பி, இழு." மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஆன்ட்டியும் சிரித்தார்.

மருமகள் மூச்சு வாங்கிக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டாள். "அப்புறம் ஏன் நீங்கள் அதை வாங்கவில்லை?"

ஆன்ட்டி காலியான டீ கப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"அளவு சரியா வரலம்மா."

மகன் என்னைப் பார்த்தான். நானும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்கிற பார்வை. அவர் சொன்னதை அவர் வீட்டில் வைத்து மறுத்துப் பேசக் கூடாது என்று நினைத்ததாக இப்போது எழுதிவிடலாம். அது உண்மையல்ல. மறுத்தால் அடுத்த கேள்வி என்னிடம்தான் வரும், அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

"ஆமா" என்றேன். "இடுப்புல கொஞ்சம் டைட்."